இருட்டில் வளர்ந்த பயறு: உயிருள்ளவற்றை வைத்து அறிவியல் முறையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

நடுநிலைப் பள்ளி அறிவியலில் தவறாமல் தலைகாட்டும் செய்முறை ஒன்று உண்டு. இரண்டு கிண்ணங்களில் ஈரப் பஞ்சைப் பரப்பி, பச்சைப்பயறைத் தூவி, ஒன்றைச் சன்னலோரமும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டையும் எடுத்துப் பார்த்து, ‘தாவரம் வளர வெளிச்சம் தேவை’ என்று நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைகள் கையில் அளவுகோலைக் கொடுத்துவிட்டால்தான் சிக்கல். சன்னலோரப் பயறு குட்டையாக, பச்சையாக நிற்கும். அலமாரிப் பயறு அதைவிட நன்றாகவே உயரமாக நிற்கும். அளந்ததை அளந்தபடி எழுதினால், ‘வெளிச்சம் வளர்ச்சியைத் தடுக்கிறது’ என்றுதான் முடிவு வரும்.

பல வகுப்புகளில் இந்த இடத்தில் அளவுகோல் மேசைக்குள் போய்விடும். “மஞ்சளா, நோஞ்சானா இருக்கு பாரு, அது வளர்ச்சியே இல்ல” என்று சொல்லி ஆசிரியர் கடந்துவிடுவார். சொன்னது தப்பில்லை. ஆனால் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்? அதை எதைக்கொண்டு அளப்பது? விடை முன்கூட்டியே தெரிந்து, அந்த விடை வரும்வரை செய்து காட்டினால் அது செயல்விளக்கம். என்ன வரும் என்று உண்மையிலேயே தெரியாமல், வந்ததை வைத்து யோசிப்பதுதான் சோதனை. கந்தகத்தையும் இரும்புத்தூளையும் சூடாக்கினால் சொன்னபடி கேட்கும். உயிருள்ளவை கேட்காது. ஒரே கைப்பிடியில் அள்ளிய பயறில் ஒன்று முளைக்கும், ஒன்று முளைக்காது, ஒன்று அழுகும். அறிவியல் முறையைச் சொல்லிக்கொடுக்க அவற்றைவிட நல்ல பொருள் கிடைக்காததற்கும் அதுவே காரணம்.

உயரமா, எடையா?

மண்ணுக்குள் புதைந்த விதைக்கு முதல் வேலை வெளிச்சத்தைத் தொடுவது. அதுவரை இலையை விரிப்பதோ பச்சையம் தயாரிப்பதோ வீண் செலவு. அதனால் வித்திலைகளில் சேர்த்துவைத்த உணவையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கிறது. தண்டு மெலிந்து நீளும், நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும், இலை மூடியே கிடக்கும். அலமாரிக்குள் இருக்கும் பயறுக்குத் தான் மண்ணுக்குள் இல்லை என்பது தெரியாது. நீளம் என்பது அது பண்ணும் செலவு, வரவு அல்ல.

வரவைப் பார்க்க உலர் எடை வேண்டும். 50 விதைகளாக ஒன்பது பொட்டலங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று வெளிச்சத்துக்கு, மூன்று இருட்டுக்கு, மூன்று முளைக்கவே விடாமல் அப்படியே காயவைப்பதற்கு. கடைசி மூன்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். காய்ந்து கிடக்கும் பயறிலும் கொஞ்சம் ஈரம் உண்டு. ஆகவே தொடங்கிய இடம் எது என்று தெரிய, விதையையும் நாற்றைப் போலவே காயவைத்து நிறுக்க வேண்டும். பச்சைப்பயறு 100 விதை சுமார் 3 முதல் 5 கிராம் வரை இருக்கும் என்பதால், 50 விதை 2 கிராம் அளவில்தான் வரும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. 0.01 கிராம் காட்டும் சிறிய நகைத் தராசு வேண்டும்.

பஞ்சு வேண்டாம். வேரோடு பின்னிக்கொண்ட பஞ்சைப் பிரிக்க முடியாது, அதன் எடையும் சேர்ந்து வந்துவிடும். மணலும் அப்படித்தான். நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டால் வேர் மேலோட்டமாகவே ஓடும், எடுக்கச் சுலபம். பத்து நாள் போதும். அதற்கு மேல் போனால் நம் ஊர் வெக்கையில் இருட்டுத் தட்டு அழுகத் தொடங்கும். பிறகு முளைக்காத விதைகளையும் உதிர்ந்த தோலையும் விடாமல் ஒவ்வொரு தட்டையும் செய்தித்தாள் உறையில் போட்டு வெயிலில் காயவைத்து, அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே எடை காட்டும்வரை நிறுக்க வேண்டும். எல்லா உறைகளையும் மதியம் இரண்டு மணிவாக்கில் ஒரே நேரத்தில் நிறுப்பது முக்கியம். காலையில் நிறுத்தால் இரவில் இழுத்த ஈரமும் சேர்ந்து எடை காட்டும்.

இருட்டுப் பயறு அத்தனை உயரம் வளர்ந்தும், அது கிளம்பி வந்த விதையைவிட எடை குறைந்திருக்கும். சுவாசித்ததில் போன கார்பன் திரும்பவில்லை. வெளிச்சத் தட்டு இருட்டுத் தட்டைவிடக் கனமாக இருக்கும். அது தொடக்க விதையின் எடையையும் தாண்டுமா என்பது அந்தப் பத்து நாளில் எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. தாண்டாவிட்டால் அதுவும் ஒரு கேள்விதான். தோல்வி என்று எழுத வேண்டியதில்லை.

இந்தச் சோதனையில் ஒளிந்திருக்கும் பெரிய ஓட்டை வெப்பம். வெயில் படும் சன்னலும் மூடிய அலமாரியும் வெளிச்சத்தில் மட்டுமா வேறுபடுகின்றன? சன்னல் சூடு, காற்றோட்டம், சீக்கிரம் காயும். அலமாரி குளிர்ச்சி, ஈரம். நான்கு விஷயங்களை ஒன்றாக மாற்றிவிட்டுப் பழியை வெளிச்சத்தின் மேல் போடுகிறோம். ஒரே அளவு அட்டைப்பெட்டிகள் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டித் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, இரண்டையும் நேரடி வெயில் படாத வெளிச்சமான திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெருமளவு சுருங்கும். இரண்டுக்குள்ளும் ஒரு வெப்பமானியை வைத்து எழுதிக்கொண்டால், சுருங்கிவிட்டதா என்பதும் தெரியும்.

எடை பார்க்கும் இந்த யோசனைக்கு வயது முந்நூற்று எழுபதுக்கும் மேல். பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். தூசி விழாமல் இருக்கத் துளையிட்ட தகரத்தால் தொட்டியை மூடினார். முடிவில் மரம் 169 பவுண்டு சொச்சம். மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ் அளவு. இது 1648இல், அவர் இறந்த பிறகு அச்சானது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் மிச்சமெல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் எழுதியது தவறு. தொட்டியைச் சுற்றியிருந்த காற்றை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாயு என்பதற்கான ‘கேஸ்’ என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான் என்பது இதில் வேடிக்கை. அளவு சரி, முடிவு தப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை வகுப்பில் காட்ட முடியாது. மாணவர்களிடம் எண்களை மட்டும் கொடுத்து, “இவர் எதை நிறுக்க மறந்தார்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம்.

உப்பும் பயறும்

ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டும், செலவு நூறு ரூபாய்க்குள் அடங்க வேண்டும், விடை பாடப்புத்தகத்தில் இருக்கக் கூடாது என்று கேட்டால், உப்புத் தண்ணீரில் பயறு முளைப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கடலோர ஊர்களில் இது வெறும் பள்ளிக்கூடக் கேள்வி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் உப்பேறிய மண்ணில் எதை விதைப்பது என்பது வயிற்றுப் பிழைப்பாகவே இருந்தது.

கேள்வியை முதலில் இறுக்கிக் கட்ட வேண்டும். ‘உப்பு பயறைப் பாதிக்குமா?’ என்பது கேள்வியே இல்லை. அளவில்லாமல் போட்டால் எதுவும் பாதிக்கும். ‘லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருந்தால், மூன்று நாளில் முளைக்கும் பயறின் எண்ணிக்கை குறையத் தொடங்கும்?’ என்று கேட்டால் அளக்க முடியும். ஒவ்வொரு குழுவும் தன் கணிப்பை எண்ணாகவே, காரணத்தோடு, பேனாவால் முதலில் எழுதிவிட வேண்டும். பென்சில் கூடாது. முடிவைப் பார்த்த பிறகு, “நான் அப்பவே நினைச்சேன்” என்று சொல்லாத மனிதர் இல்லை.

கரைசல்: லிட்டருக்கு 0, 3, 6, 9, 12 கிராம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு, ஆகவே 12 என்பது கடலில் மூன்றில் ஒரு பங்கு. 3, 6, 9 என்று ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டாம். ஒரு கிராம் துல்லியம் காட்டும் வீட்டுத் தராசில் 3 கிராமை நிறுத்தால் அரை கிராம் பிசகு ஆறில் ஒரு பங்கு பிழையாகிவிடும். 12 கிராமில் அதே பிசகு 4 சதவீதம்தான். 12 கிராம் கரைசலை மட்டும் இரண்டு, மூன்று லிட்டர் தயாரித்துக்கொண்டு, அதில் 250 மில்லியோடு 750 மில்லி தண்ணீர் சேர்த்தால் 3; பாதிக்குப் பாதி கலந்தால் 6; 750க்கு 250 கலந்தால் 9.

தண்ணீர் எது என்பதைப் பார்க்காமல் விட்டால் எல்லாம் பாழ். பல ஊர்களில் போர்த் தண்ணீரிலேயே லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருக்கும். அப்போது உங்கள் ‘பூஜ்யம்’ பூஜ்யமே இல்லை. கேன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ எடுங்கள். வசதிப்பட்டால் போர்த் தண்ணீருக்கென்று தனியாக நான்கு தட்டுகள் வையுங்கள். பிள்ளைகள் உண்மையிலேயே ஆர்வமாகப் பார்ப்பது அந்தத் தட்டுகளைத்தான்.

விதை மளிகைக் கடைப் பயறு போதும், ஆனால் உடைக்காத முழுப்பயறு. தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு மிதப்பதை எடுத்து எறிந்துவிட்டு, மற்றதை உடனே துணியில் ஒற்றி நிழலில் காயவிடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் பயறு வண்டு துளைத்தவை; உற்றுப் பார்த்தால் ஊசிமுனைத் துளை தெரியும். கண்டிப்பாகச் செய்யக் கூடாத ஒன்று, ராத்திரியே நல்ல தண்ணீரில் ஊறவைப்பது. வீட்டில் முளைகட்டும் பழக்கத்தில் எல்லோரும் இதைச் செய்வார்கள். விதை தண்ணீர் குடிப்பதைத்தான் உப்பு முதலில் மறிக்கிறது. நல்ல தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்த விதையை உப்பில் வைத்தால் நாம் கேட்ட கேள்வி வேறு, விதை பதில் சொல்லும் கேள்வி வேறு.

மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பாக்கள் இருபது. ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் வெட்டிய துணி இரண்டு மடிப்பு, அதன் மேல் 20 விதைகள் ஒன்றையொன்று தொடாமல், ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து 10 மில்லி கரைசல். ஒரு அளவுக்கு நான்கு டப்பா வீதம் மொத்தம் 400 விதை, பதினைந்து கிராமுக்கு அக்கம்பக்கம். துணி நனைந்து மினுங்க வேண்டும், விதை மூழ்கக் கூடாது. மூழ்கினால் காற்றில்லாமல் அழுகி, இரண்டாம் நாளே புளித்த வாடை வரும். டப்பா பெரிதாக இருந்தால் கரைசலைக் கூட்டுங்கள், ஆனால் எல்லா டப்பாவுக்கும் ஒரே அளவு.

இனி மிக அதிகம் கோட்டைவிடும் இடம். டப்பா காய்ந்தால் என்ன செய்வது? பிள்ளைகள் அதே உப்புக் கரைசலை மறுபடி ஊற்றுவார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே தங்கிவிடும். இரண்டு முறை ஊற்றினால் 12 என்று பெயர் எழுதிய டப்பாவில் 20க்கு மேல் இருக்கலாம். மூடியைச் சரியாக மூடினால் மூன்று நாளைக்கு ஊற்ற வேண்டியே வராது. தினம் எண்ணத் திறக்கும்போது உள்ளே காற்று மாறுவதும் போதுமானது. அப்படியும் காய்ந்தால், முதல் நாள் டப்பாவை நிறுத்து மூடியில் எழுதிவைத்த எடை வரும்வரை நல்ல தண்ணீரை மட்டும் சேர்க்க வேண்டும்.

முளைத்தது என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். விதை உப்பியிருந்தால் முளை இல்லை. தோல் வெடித்தாலும் இல்லை. முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால் முளைத்தது என்று வைத்துக்கொண்டு, அளவுகோலின் இரண்டு கோடுகளை ஒரு தாளில் ஒட்டி டப்பா பக்கத்திலேயே வையுங்கள். எண்ணுகிறவருக்கு எது எந்தக் கரைசல் என்று தெரியக் கூடாது. இன்னொரு குழு டப்பாக்களுக்கு 1 முதல் 20 வரை எண் போட்டு, எது எது என்ற பட்டியலை மடித்து ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். ‘உப்பு ஜாஸ்தி’ என்று தெரிந்துவிட்டால், பாதி எட்டிப்பார்க்கும் வேரை ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் முளைக்காத கணக்கில் சேர்த்துவிடுவோம். டப்பாக்கள் நிற்கும் இடத்தையும் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். பூஜ்யம் எல்லாம் சன்னல் பக்கம், பன்னிரண்டு எல்லாம் சுவர் பக்கம் என்று நின்றால், அளந்தது உப்பையா இடத்தையா என்று யாராலும் சொல்ல முடியாது.

24, 48, 72 மணி நேரங்களில் எண்ணுங்கள். ஒரே ஒரு முறை எண்ணினால் பாதிக் கதை போய்விடும். உப்பு முதலில் செய்வது தாமதம். 24 மணியில் பூஜ்யத்துக்கும் பன்னிரண்டுக்கும் இருக்கும் இடைவெளி, 72 மணியில் வெகுவாகக் குறைந்துவிடக்கூடும். எண்ணிக்கை சமமானாலும் வேரின் நீளம் சமமாகாது. கடைசி நாளில் வேரையும் அளந்தால், முளைத்தலும் வளர்தலும் வேறு வேறு என்பது யாரும் சொல்லாமலே தெரியும். பன்னிரண்டில் முளைக்காமல் கிடக்கும் விதைகளை எறிந்துவிடாமல், கழுவி, நல்ல தண்ணீர்த் துணிக்கு மாற்றி இரண்டு நாள் பாருங்கள். முளைத்தால் உப்பு அவற்றைக் கொல்லவில்லை, தண்ணீரைத்தான் மறித்தது. அழுகினால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. சுவரில் மாட்டும் படத்தில் உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று ஒரே திசையில் அம்புக்குறி ஓடும். உண்மையில் ‘முடிவு’ என்ற கட்டத்திலிருந்துதான் அடுத்த கருதுகோள் பிறக்கிறது. இந்தப் பன்னிரண்டாம் டப்பா அதைக் கையில் கொண்டுவந்து கொடுக்கும்.

பூஜ்யம் டப்பாவிலேயே சில விதைகள் மூன்று நாளும் கூழாங்கல் மாதிரி கிடக்கும். செத்தவை என்று எழுதிவிட வேண்டாம். பயறு வகைகளில் தோல் தண்ணீரை உள்ளே விடாத கல் விதைகள் எப்போதும் சில இருக்கும். குழம்பில் வேகாமல் பல்லில் கடிபடுகிறவை அவைதான். தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி வைத்தால் ஊறும்.

பதினெட்டும் பதினாறும் வேறு வேறா?

ஒரு டப்பாவில் 18 முளைத்தது, பக்கத்து டப்பாவில் 16. வித்தியாசம் உண்டா? ‘உண்டு’ என்று வகுப்பே கத்தும். இங்கே கொஞ்சம் கணக்கு தேவை. அந்த மூட்டைப் பயறின் முளைப்புத் திறன் சரியாக 90 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 20 விதைகளை எடுத்தால் ஒவ்வொரு முறையும் 18 வராது. 100 டப்பா வைத்தால் ஏறத்தாழ 96 டப்பாக்களில் 16 முதல் 20 வரை எது வேண்டுமானாலும் வரும். மிச்சம் நாலில் 15 அல்லது அதற்குக் கீழே வரும், எந்த உப்பும் இல்லாமலேயே. ஆகவே ஒரு டப்பாவில் 16 என்பது செய்தியே இல்லை. நான்கு டப்பாவிலும் 12, 11, 13, 12 என்று வந்தால் அது செய்தி.

இதைச் சூத்திரமில்லாமல் காட்ட ஒரு வழி உண்டு. உப்பே போடாமல், எல்லாக் குழுக்களும் பூஜ்யம் டப்பா மட்டும் ஒருமுறை வைத்து, வந்த எண்களைக் கரும்பலகையில் ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாக வைக்க வேண்டும். எட்டுக் குழு, நான்கு டப்பா, 32 புள்ளிகள். அந்தப் புள்ளிக் கூட்டத்தின் அகலம்தான் பயறின் சொந்தக் குணம். உப்பின் விளைவு அந்தக் கூட்டத்துக்கு வெளியே தெரிந்தால்தான் உப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை. சராசரியை மட்டும் எழுதிப் புள்ளிகளை அழித்துவிடும் பழக்கம் நம் செய்முறை நோட்டுகளில் வேரூன்றியது. எனக்கென்னவோ, அதைப் பிடுங்கி எறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.

வாழைப்பழமும் வேட்டித் துணியும்

இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி 1668இல் வெளியிட்ட சோதனை பள்ளிப் புத்தகங்களில் பிரபலம். திறந்த ஜாடியில் இருந்த இறைச்சியில் புழு வைத்தது, மூடிய ஜாடியில் வைக்கவில்லை. ஆனால் இதோடு அவர் நிறுத்தவில்லை. மூடியதால் காற்றுப் போகவில்லை, அதனால்தான் புழு தானாக உண்டாகவில்லை என்று எவரும் சொல்லலாம் அல்லவா? அதற்காகக் காற்று புகும், ஈ புகாத மெல்லிய துணியால் மூடிய ஜாடிகளையும் வைத்தார். இந்த மூன்றாவது ஜாடிதான் சோதனையின் உயிர். எதிராளி என்ன சொல்வார் என்று முன்பே யோசித்து அதற்கென்று ஒரு ஜாடி வைப்பது. ஒப்பீடு என்றால் அதுதான்.

இறைச்சிக்குப் பதில் கனிந்த வாழைப்பழத்தை வைத்துப் பழ ஈக்களோடு இதைச் செய்யலாம். நாற்றம் குறைவு. மூன்று, நான்கு நாளில் வெண்ணிறப் புழு தெரியும், நம் வெப்பத்தில் பத்து நாள் வாக்கில் புது ஈக்கள் பறக்கும். ஆனால் முதல் முறை செய்பவர்களில் பலருக்கு, இறுக மூடிய பாட்டிலிலும் புழு வரும்! காரணம், கடையில் தொங்கும்போதே ஈ காம்பிலும் தோல் வெடிப்பிலும் முட்டை வைத்துவிட்டிருக்கும். இதை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லிவிடாமல் இருப்பதே நல்லது. “அப்ப புழு தானாத்தான் வருதா சார்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பிள்ளைதான் கண்ணால் பார்த்ததை மதிக்கிறது. சந்தேகத்தைச் சோதனையாக்க வழி கேட்டால் வகுப்பே சொல்லும்: தோலை உரித்துவிட்டு, பழத்தை இட்லிப் பானையில் பத்து நிமிடம் அவித்து, ஆறியதும் மூன்று பாட்டிலிலும் சமமாகப் போட்டு மறுபடி வைப்பது. அவித்த பிறகு மூடிய பாட்டிலில் புழு வராது, திறந்ததில் வரும்.

துணிக்குக் கொசுவலை போதாது. பழ ஈ மெலிந்தது, கண்ணிக்குள் நுழைந்துவிடும். வேட்டித் துணியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். துணி பழத்தைத் தொடக் கூடாது. வாசனைக்கு வந்த ஈ துணியின் மேலேயே முட்டை வைத்துவிட்டுப் போகும். ரெடியும் துணியின் மேல் புழுக்களைக் கண்டார். மூடிய பாட்டில் கண்ணாடியாக இருக்க வேண்டாம்: பழம் புளித்து வாயு சேர்ந்தால் வெடிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் உப்பிக் காட்டும், அவ்வளவுதான்.

எறும்பு ஓட்டுப் போடுவதில்லை

சர்க்கரையா, வெல்லமா, எறும்புக்கு எது பிடிக்கும்? அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கிற அட்டை இது. இரண்டு குவியல், அரை மணி நேரம், வெல்லத்தில் 140 எறும்பு, சர்க்கரையில் 9. முடிவு பளிச்சென்று இருக்கும், தப்பாகவும் இருக்கக்கூடும். எறும்பு தீனியைக் கண்டுபிடித்தால் திரும்பிப் போகும் வழியில் வாசனைத் தடம் போடும். அடுத்தவர்கள் தடத்தைப் பிடித்து வருவார்கள், வந்தவர்கள் தடத்தை அழுத்தமாக்குவார்கள். முதலில் வந்த நாலைந்து எறும்பு தற்செயலாக எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் ஊரே திரளும். 140 எறும்பு 140 கருத்து அல்ல, கிட்டத்தட்ட ஒரே கருத்து. பெல்ஜியத்தில் தனெபூர் குழுவினர் 1990இல் வெளியிட்ட சோதனையில், அர்ஜென்டினா எறும்புப் புற்றுக்கு நீளத்தில் வித்தியாசமே இல்லாத இரண்டு பாலங்களைக் கொடுத்தபோதும், கூட்டம் ஒரு பாலத்திலேயே குவிந்தது.

ஆகவே வெல்லத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது சர்க்கரைக்கு எதிராகச் சர்க்கரை. ஒரே அட்டையில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆளுக்கு ஒரு கிராம், இரண்டு குவியல். அப்போதும் 140க்கு 9 என்று வருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். உண்மையான எண்ணிக்கை புற்றுகளின் எண்ணிக்கைதான். பள்ளி வளாகத்தில் வெவ்வேறு இடங்களில் எட்டு, பத்துப் புற்று. ஒவ்வொன்றுக்கும் புது அட்டை, ஏனென்றால் பழைய அட்டையில் பழைய தடம் இருக்கும். வெல்லம் இடம் வலம் மாறி மாறி. எத்தனை புற்று எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எண்ணினால் ஏதாவது சொல்லலாம்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர், அச்சில் வந்த 176 சோதனைகளை எடுத்து அலசி, அவற்றில் 27 சதவீதத்தில், ஒன்றையே பலவாக எண்ணும் இதே போலி எண்ணிக்கைக் கோளாறு இருப்பதாகக் காட்டினார்.

செவ்வெறும்பு, கட்டெறும்புப் புற்று பக்கம் போக வேண்டாம். மண்புழுவை வைத்துச் செய்வதானால் கையை நனைத்துக்கொண்டு எடுங்கள். அது தோலால் சுவாசிக்கிறது, உலர்ந்த கை அதற்குக் கெடுதல், உப்பு அதைக் கொல்லும். பத்து நிமிடத்துக்கு மேல் வெளிச்சத்தில் வைக்காமல், எடுத்த மண்ணிலேயே திருப்பி விடுங்கள். தண்ணீர் நிற்கும் தட்டு எதையும் ஒரு வாரத்துக்கு மேல் வகுப்பில் மறந்துவைக்கக் கூடாது. டெங்கு கொசுவுக்கு அந்த ஒரு வாரம் போதும்.

மதிப்பெண் எதற்கு?

இவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசியில் ‘சரியான முடிவு’க்கு மதிப்பெண் போட்டால், அடுத்த ஆண்டு பிள்ளைகள் டப்பாவைத் திறக்காமலே எண்களை எழுதிவிடுவார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இதை நேராகவே எதிர்கொண்டது. அவர்களின் ‘பால் வைக்யானிக்’ (குழந்தை விஞ்ஞானி) பயிற்சிப் புத்தகத்தில் செய்முறையும் கேள்வியும் இருக்கும், விடை இருக்காது. தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் பார்த்து எழுதலாம். கையால் செய்து காட்டும் தேர்வும் உண்டு. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவிய இந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு, சாதாரண அரசுப் பள்ளிகளில், ஊர்க் குளத்திலும் வயலிலும் கிடைத்ததை வைத்து நடந்தது என்பதால், ‘நம்ம பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்ற சமாதானத்தை எடுபட விடாத உதாரணம் அது.

மதிப்பெண்ணை நான்கு இடங்களுக்குப் பிரிக்கலாம். கணிப்பை எண்ணோடும் காரணத்தோடும் முன்பே எழுதியதற்கு ஒன்று. எல்லா டப்பாவின் எண்ணும், அழுகியது உட்பட, நோட்டில் இருப்பதற்கு ஒன்று. எழுதியதை அழிக்காமல், மேலே ஒரு கோடு மட்டும் போட்டுத் திருத்தியதற்கு ஒன்று. அடுத்த முறை எதை மாற்றுவேன், ஏன் என்ற இரண்டு வரிக்கு மிச்சம் எல்லாம். ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்ற முடிவுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், எண்களைச் சமைப்பது தன்னால் குறையும்.

கால அட்டவணையைப் பொறுத்தவரை, உப்புச் சோதனையைத் திங்கட்கிழமை முதல் பீரியடில் வைத்தால் வியாழக்கிழமை அதே நேரத்தில் 72 மணி எண்ணிக்கை முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை புள்ளிகளைக் கரும்பலகையில் வைத்துப் பேசலாம், எண் பட்டியலைப் பிரிப்பதும் அன்றுதான். புதன்கிழமை தொடங்கினால் கடைசி எண்ணிக்கை சனிக்கிழமையில் போய் விழும். பன்னிரண்டாம் டப்பாவிலிருந்து நல்ல தண்ணீருக்கு மாற்றிய விதைகளை மட்டும் யாராவது ஒருவர் வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கும். அதற்குப் போட்டி இருக்கும், சீட்டுக் குலுக்குங்கள்.